மூச்சுக்காரிக்குப் பன்னிரண்டு மூச்சு

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்கிறேன், பாலத்தின் அடியில் ஒளிகிறேன், அவனை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை ஒன்று முதல் இருபது வரைக்குமான ஓர் எண் முடிவு செய்யும்; எண் பெரிதாக இருந்தால் விழும். அவ்வளவுதான். இதை விளக்கச் சொல்லிக் கேட்டவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே பேச்சை மாற்றியிருக்கிறார்கள்.

எங்களுக்கு அது வந்தது அண்ணன் வழியாக. இரண்டாயிரங்களின் நடுவில், அவன் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தான். ஒரு கப்பலின் அதிகாரி, தன் அறையைக் காலி செய்யும்போது பழைய பத்திரிகைகளோடு அட்டை இல்லாத ஒரு தடித்த புத்தகத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது விதிப் புத்தகம். ஆங்கிலம், பொடி எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. எங்கள் வீட்டில் அட்டவணை என்றால் என்னிடம்தான் வரும். நான் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து, திருவொற்றியூரில், குழாய்களின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். படித்தவள் நான் என்பதால் கதையை நடத்துவதும் என் பொறுப்பாகிவிட்டது.

புத்தகம் இருபது முகமுள்ள பகடையைக் கேட்டது. ராயபுரத்தில் எந்தக் கடையிலும் அப்படி ஒன்று இல்லை. பங்குக் கோயில் திருவிழாவில் தம்போலா என்ற எண் விளையாட்டு நடத்துவதற்கான, எண் போட்ட மரக் காசுகள் எங்கள் வீட்டில்தான் இருந்தன. அம்மா திருவிழாக் குழுவில் இருந்தார். ஒன்று முதல் இருபது வரையுள்ள காசுகளைத் தனியே எடுத்து ஒரு துணிப்பையில் போட்டேன். எடுத்த காசைத் திரும்பப் பையில் போட்டு மூன்று முறை குலுக்கிய பிறகே அடுத்தவர் எடுக்க வேண்டும் என்று பையின் மேலேயே மார்க்கரால் எழுதினேன். எழுதவில்லை என்றால் அண்ணன் குலுக்க மாட்டான்.

கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு பகுதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்து, பத்தரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டே முக்காலுக்கு முடித்துவிட வேண்டும். அண்ணனுக்கு ஞாயிறுகளில் இரண்டு மணி ஷிஃப்டு. சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் கிளம்புவான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உருவானது. பன்னிரண்டே முக்கால் ஆனதும், கதை எங்கே நின்றாலும் சரி, நான் ஒரு வரி சொல்வேன்: “ராத்திரி ஆச்சு. எல்லாரும் தூங்கிட்டீங்க.”

புத்தகத்தின்படி, தூங்கி எழுந்தால் காயம் ஆறிவிடும், செலவான சக்தியெல்லாம் திரும்பிவிடும். ஆகவே அடுத்த ஞாயிறு யாருக்கு எத்தனை அடி, யாரிடம் எவ்வளவு மிச்சம் என்று நினைவில் வைக்க வேண்டியதில்லை. சுத்தமாகத் தொடங்கலாம். எனக்குச் சுத்தமாகத் தொடங்குவது பிடிக்கும்.

முதலில் மூன்று பேர்தான். நான் கதை நடத்தினேன். அண்ணன் மந்திரவாதி. அண்ணனின் தோஸ்து ஒருவர், எண்ணூரில் வெல்டர், வாள்வீரன். புத்தகத்தில் பனிமலைகள் இருந்தன. எனக்குப் பனி தெரியாது. கதையை ஒரு கழிமுகத்தில் வைத்தேன்: உப்பளங்கள், துருப்பிடித்த படகுகள், உள்ளே சாம்பல் பூதம் வசிக்கும் ஒரு குளம். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டும் எண்ணூரில் வேலை பார்க்கிறவருக்குச் சாம்பல் குளத்தை விவரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நான்காவதாக வந்தவள் என் தோழி. வியாசர்பாடிக்காரி. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். படிக்கும்போதே குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தாள். புளியந்தோப்பில் ஒரு கொட்டகை, மணல் மூட்டை, நாலு கயிறு, ஒரு மணி. ஐம்பத்து நான்கு கிலோ பிரிவில் மாநிலப் போட்டி வரை போனவள். அந்த வருடத் தொடக்கத்தில் இடது கண்ணில் விழித்திரை கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர், தலையில் இனி ஒரு அடிகூடப் படக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். வாரத்தில் ஆறு நாளுக்கு அது போதும். ஏழாவது நாள்தான் கஷ்டம். ஞாயிறு காலைதான் கொட்டகையில் ஜோடி போட்டு மோதும் நேரம். மணிச்சத்தம் அவள் வீட்டுக்குக் கேட்காது. ஆனால் மணி என்ன என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் இருக்க அவளுக்கு வேறு ஓர் இடம் தேவைப்பட்டது. அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்காமல் மாடிக்குக் கூப்பிட்டேன்.

முதல் நாள் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, குந்திகினே சண்ட போடறீங்கோ?” என்றாள்.

“நின்னுகினு போட்டா மாடி தாங்காது சிஸ்டர்,” என்றார் வெல்டர்.

“உங்க ஒடம்புக்கு குந்தினாலே தாங்காது.”

அண்ணன் சிரித்ததில் அவனுடைய பாத்திரத்தின் கணக்கு எழுதிய தாள் பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. அதோடு அவள் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள்.

அவளுக்கு ஒரு பாத்திரம் வேண்டும். புத்தகத்தில் வெறுங்கையால் சண்டை போடும் துறவி ஒருவர் இருந்தார். மனோசக்தியால் பொருள்களை நகர்த்துபவர் ஒருவர் இருந்தார். இருவரைப் பற்றியும் வாசித்துக் காட்டினேன்.

“சாமியாரு வேணாம். அடி எல்லாத்தையும் வாங்கிக்கினு நிக்கறாரு. இந்த இன்னொரு ஆளு இன்னா, எல்லாருக்கும் பின்னாலயே நிப்பாரா?”

“ஆமா. அவருக்கு உடம்புல பலம் கம்மி.”

“பின்னால நிக்கறதுலாம் எனுக்கு ஆவாது. முன்னாலதான் நிப்பேன். ஆனா அடி வர்றத்துக்கு முன்னாலயே எனுக்குத் தெரியணும்.”

“அப்படி ஒரு ஆள் இதுல இல்லடி.”

“ஊர்ல கீற கேஜுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கற. ஒரு ஆளு செஞ்சி குடுக்க மாட்டியா?”

நான் நோட்டை எடுத்தேன். எதையும் செய்வதற்கு முன் கேள்விகளைப் பட்டியலிடுவது என் பழக்கம். முதல் கேள்வி: உண்மையான சண்டையில் அடி வருவது எப்படித் தெரியும்? கையைப் பார்க்கக் கூடாது, தோளைப் பார்க்க வேண்டும் என்றாள். கை ஏமாற்றும், தோள் ஏமாற்றாது. இரண்டாவது கேள்வி: சண்டையில் முதலில் தீர்ந்துபோவது எது? “காலு போனாக்கூட கயித்துல சாஞ்சிகினு நிக்கலாம். மூச்சு போச்சின்னா முடிஞ்சிது.”

அதனால் அவளுடைய சக்திக்கு மூச்சு என்று பெயர் வைத்தேன். வகைக்கு அவளே பெயர் வைத்தாள்: மூச்சுக்காரி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மூச்சு. நோட்டில் இப்படி எழுதினேன்:

தோள் பார்த்தல்: ஒரு மூச்சு. வருகிற ஓர் அடியைக் காசு எடுக்காமலே விலக்கலாம்.

தொடாக் குத்து: இரண்டு மூச்சு. பத்தடி தள்ளி நிற்பவருக்கும் குத்து விழும், இரட்டிப்புப் பலத்தோடு.

மனக்கலக்கம்: மூன்று மூச்சு. எதிரி ஒரு முறை தன் ஆளையே அடிப்பான்.

எழுதுவது எளிது. சமன் செய்வதுதான் வேலை. ஒரு புதிய வகை மற்றவர்களைவிடப் பலமாக இருந்தால் அவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். பலவீனமாக இருந்தால் அவள் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் மதிய இடைவேளையில், கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். வெல்டரின் வாள்வீரன் ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஒன்பது அடி கொடுப்பான், காலை முதல் மாலை வரை மாறாமல். மூச்சுக்காரி ஒரு நாளின் முதல் சண்டையில் பதினைந்து கொடுப்பாள், மூச்சு குறைந்து இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் நான்கு. ஒரு நாளைக்கு மூன்று சண்டை என்பது புத்தகத்தின் கணக்கு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. எனக்கு மிகவும் திருப்தி. தாளை அச்செடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அவள் ஆடத் தொடங்கினாள். முதல் ஞாயிறு உப்பளக் காவலர்கள் மூன்று பேரை இரண்டு சுற்றில் வீழ்த்தினாள். மாடியே ஆரவாரம் செய்தது. இரண்டாம் ஞாயிறு படகுக் கொள்ளையர்கள். மூன்றாம் ஞாயிறு ஒரு முதலை, அதுவும் தொடாமலேயே. நான்காம் ஞாயிறிலிருந்து ஆரவாரம் குறைந்தது. வெல்டர் தன் முறை வரும்போது, “நான் வெட்றேன்,” என்பார். வெட்டுவதற்கு அங்கே யாரும் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். ஐந்தாம் ஞாயிறு அவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டார். ஆறாம் ஞாயிறு நகம் வெட்டினார்.

நான் கவனித்தேன். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருக்கும்போது, கண்ணால் பார்ப்பதை நம்பாத ஒரு கெட்ட பழக்கம் என்னிடம் உண்டு.

அந்த ஆறாம் ஞாயிறு, சண்டை முடிந்ததும் அவள் டீ எடுத்துவரக் கீழே போனாள். அண்ணன் தாழ்ந்த குரலில், “மாமு, உனுக்கு பேஜாரா கீதா?” என்று கேட்டான்.

“பேஜாருதான். இன்னா பண்றது?” என்றார் வெல்டர். “உட்டுடு மாமு. அந்தப் பொண்ணுக்கு வேற இன்னா கீது? இதுலயாச்சும் ஜெயிச்சிகினு போவட்டும். பாவம்.”

“அதான் நானும் மந்திரமே போடாம குந்திகினு கீறேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. நிமிர்ந்தபோது அவள் படிக்கட்டின் கடைசிப் படியில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நாலு டம்ளரும் ஆடாமல் இருந்தன. அவள் கைகள் எப்போதும் அப்படித்தான்.

தட்டைக் கீழே வைத்தாள். தனக்கான டம்ளரை எடுக்கவில்லை.

“எத்தினி வாரமா?” என்றாள்.

வெல்டர் நகவெட்டியை மூடினார்.

“ஆறு வாரம் ஜெயிச்சேன். ஆறும் நீங்க பாத்து வுட்டதா?”

“அய்ய, அப்டிலாம் இல்ல சிஸ்டர்...”

“நீ இருண்ணா. நான் அம்பத்தி நாலு கிலோல நின்னேன்னா எதுக்க நிக்கறவளும் அம்பத்தி நாலுதான். காலைல மிஷின்ல ஏத்தி பாத்துதான் உள்ள வுடுவாங்கோ. அரை கிலோ ஏறிச்சின்னா வெளிய துரத்துவாங்கோ. சின்னப் பொண்ணு ஒண்ண எதுக்க நிக்க வெச்சி, என் கைய தூக்கிக் காட்டினா, அது ஜெயிக்கறதா?” என்னைப் பார்த்துத் திரும்பினாள். “நீ தெரிஞ்சேதான் இப்டி செஞ்சியா?”

“இல்ல. கணக்கு சரியாத்தான் போட்டேன். அச்செடுத்து வெச்சிருக்கேன்.”

“அப்போ காட்டு. சரியா கீதுன்னா வர்றேன். இல்லன்னா நீங்களே குந்தி ஜெயிச்சிக்கோங்கோ.”

பாத்திரத் தாளை நாலாக மடித்து என் நோட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பன்னிரண்டே முக்கால் ஆகவில்லை. அன்று நான் யாரையும் தூங்கவைக்கவில்லை.

திங்கட்கிழமை அட்டவணையை வரி வரியாகச் சரிபார்த்தேன். கூட்டல் சரி, வகுத்தல் சரி. காசுகளின் நிகழ்தகவைக் கையால் மறுபடி போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. செவ்வாய்க்கிழமை ஒரு கேஜ் புகாரோடு திரும்பி வந்தது. மணலி பக்கம் ஒரு தொழிற்சாலை. நான் கையெழுத்திட்ட சான்றிதழ். கேஜ் தப்பாகக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

சோதனை மேடையில் மாட்டினேன். நாங்கள் ஒரு கேஜை ஐந்து இடங்களில் பார்ப்போம்: பூஜ்யம், கால், அரை, முக்கால், முழு அளவு. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. ஐந்து இடத்திலும் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. புகார்க் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அவர்களுடைய குழாயில் அழுத்தம் எப்போதும் மிகக் குறைவு. நூறு வரை போகும் முள்ளை அவர்கள் ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவிலேயே வைத்திருந்தார்கள். நூறில் ஒன்று என்பது முழு அளவுக்குச் சின்னப் பிழை. ஐந்தில் ஒன்று என்றால் பெரிய பிழை. கேஜ் சரி, சான்றிதழ் சரி, அவர்கள் வாழும் இடம் வேறு. முழு நீளத்துக்கும் சேர்த்துச் சொன்ன உண்மை, ஒரு முனையிலேயே இருப்பவர்களுக்குப் பொய்யாகிறது.

பதில் கடிதத்தைப் பாதி எழுதியபோது கை நின்றுவிட்டது. பையிலிருந்து ஞாயிறு நோட்டை எடுத்தேன். ஆறு ஞாயிறு. ஆறு சண்டை. கடைசியைத் தவிர ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்தில், “தூங்கினார்கள்.”

இரண்டேகால் மணி நேரத்தில் எங்களால் ஒரு சண்டைக்கு மேல் போட முடிந்ததே இல்லை. ஒரு சண்டை முடிந்ததும் ராத்திரி வந்துவிடும், மூச்சு பன்னிரண்டும் திரும்பிவிடும். அட்டவணையில் ஒன்பதும் நான்கும் இருந்த கட்டங்களுக்குள் நாங்கள் ஒரு நாளும் நுழையவில்லை. பதினைந்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தோம். அண்ணனின் மந்திரவாதியும் இதே ஓட்டைக்குள்தான் இருந்தான். ஆனால் அவன் எதையும் பிறகு ஆகும் என்று எடுத்துவைக்கிற ஆள் என்பதால் வெளியே தெரியவில்லை. கணக்கில் பிழை இல்லை. அண்ணனின் ஷிஃப்டைக் கணக்கில் எடுக்காததுதான் பிழை.

புதன்கிழமை வேலை முடிந்து நேராக வியாசர்பாடிக்குப் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. அவள் வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலை ஒடுக்கி வழிவிட்டுக்கொண்டே பேசினோம். நான் ஒரு பட்டியலோடு வந்திருந்தேன். முதலில் அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். மூன்று கட்டங்களைக் காட்டி, நாம் முதல் கட்டத்தை விட்டு நகரவே இல்லை என்றேன்.

அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து நேரம் எடுத்துப் பார்த்தாள். “அப்போ பாத்து வுட்லன்னு சொல்றியா?”

“நான் செஞ்சது தப்புக் கணக்கு. பாத்து விட்டது இல்ல. ஆனா அவங்க ரெண்டு பேரும் பாத்துதான் விட்டாங்க. அன்னிக்கு அவங்க பேசும்போது நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அது தப்பு.”

பட்டியலில் அது இரண்டாவது வரி. எழுதி வைத்திருக்கவில்லை என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

“வாய மூடிக்கினுதான் இருந்த,” என்றாள். “பாத்துகினுதான் இருந்தேன்.” தாளை என்னிடமே திருப்பித் தந்தாள். “செரி, இப்ப இன்னா பண்ணப் போற?”

பட்டியலின் மிச்சத்தை வாசித்தேன். ஒன்று, பன்னிரண்டு மூச்சை ஐந்தாகக் குறைக்கலாம். இரண்டு, தொடாக் குத்தின் பலத்தைப் பாதியாக்கலாம். மூன்று, தோள் பார்த்தலை ஒரு சண்டைக்கு ஒரு முறை என்று வைக்கலாம். அவள் என் பேனாவை வாங்கி மூன்றையும் அடித்தாள்.

“பலத்தக் கொறைக்காத. தூக்கத்த எடுத்துடு.”

புரியவில்லை என்றேன்.

“ஸ்டேட் மீட்டுல காலைல செமி, சாய்ங்காலம் பைனலு. செமில நான் பிஸ்து. அந்தப் பொண்ணு ரெண்டாவது ரவுண்டுலயே கைய தூக்கிடுச்சி. நடுவுல ரெண்டு மணி நேரம் படுத்தேன். ஒண்ணும் திரும்பல. பைனலுக்கு கிளவுஸ் மாட்டக்குள்ளயே தெரிஞ்சிபோச்சி, கை ஈயமா கீது. செமில அம்மாந்தூரம் ஆடியிருக்கக் கூடாது.” ஒரு பெண் குடத்தோடு ஏறிப் போனாள். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்து தோழி தொடர்ந்தாள். “தோத்தேன். ஆனா கைல எத்தினி கீது, எத்த இப்ப செலவு பண்ணலாம், எத்த வெச்சிக்கலாம்னு நெனச்சிகினே ஆடனேன் பாரு, அதான்டி ஆட்டம். நீ எனுக்கு வாரா வாரம் புது ஒடம்பு குடுத்துகினு கீற. அதுல இன்னா கீது?”

அந்தப் படியிலேயே புதிய விதியை எழுதினோம். மூன்று சண்டை முடிந்தால்தான் ராத்திரி. மூன்று ஞாயிறு ஆனாலும் சரி. பன்னிரண்டே முக்காலுக்குக் கதை அப்படியே நிற்கும். காயமும் மூச்சும் தாளில் எந்த எண்ணில் நிற்கிறதோ அதே எண்ணில் அடுத்த வாரம் தொடங்கும். தாள்களையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி நான் வைத்திருக்க வேண்டும். கடைசி விதியை அவள் என்னை எழுதச் சொல்லித் தன் கையெழுத்தையும் போட்டாள்: எடுத்த காசு எடுத்ததுதான்.

அண்ணனிடமும் வெல்டரிடமும் நானே சொன்னேன், பாவம் பார்த்ததை அவள் மன்னித்துவிட்டதாக அல்ல, விதி மாறிவிட்டதாக மட்டும். வெல்டர், “அப்போ நகவெட்டி எத்துகினு வர வேணாமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

புதிய விதியின் முதல் ஞாயிறு அவள் எப்போதும்போல் இறங்கி அடித்தாள். ஏழு மூச்சு காலி. “ராத்திரி” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “மத்தியானம் ஆச்சு,” என்றேன். அவள் தன் தாளில் ஐந்து என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் ஞாயிறு ஒவ்வொரு முறையும் யோசித்தாள். தோளைப் பார்க்கலாமா, வாங்கிக்கொள்ளலாமா? இரண்டு அடிகளை வேண்டுமென்றே வாங்கிக்கொண்டாள். வெல்டரின் வாளுக்கு வேலை வந்தது. செய்தித்தாளை எடுத்து வந்திருந்தார். அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். முடிவில் அவளிடம் இரண்டு மூச்சு.

மூன்றாம் ஞாயிறு சாம்பல் பூதம். இரண்டு மாதமாக நான் வளர்த்துவைத்திருந்த பூதம். டப்பாவைத் திறந்து தாள்களைக் கொடுத்தேன். அவளுடைய தாளில் காயமும் அதிகம், மூச்சு இரண்டுதான். யாரும் டீயைத் தொடவில்லை.

முதல் சுற்றில் பூதம் அவளை நோக்கி வந்தது. “தோளு,” என்றாள். ஒரு மூச்சு போனது, அடி விலகியது. இரண்டாம் சுற்றிலும் அவளையே நோக்கி வந்தது. முன்னால் நிற்பவள் அவள்தானே. மறுபடி “தோளு.” தாளில் பூஜ்யம் எழுதினாள். அண்ணன், “பின்னால வாம்மா, வந்து நில்லு,” என்றான்.

“வர மாட்டேண்ணா. நீ மந்திரம் எத்த வெச்சிகினு கீறியோ அத்த இப்ப போடு.”

அண்ணன் எட்டு வாரமாகச் சேமித்து வைத்திருந்த தீயைப் போட்டான். பூதம் பாதியாகச் சுருங்கியது, விழவில்லை. மூன்றாம் சுற்று. அவள் வெறும் கையால் குத்தினாள். பையில் கை விட்டு எடுத்த காசு நான்கு. படவில்லை. பூதத்துக்காக நான் எடுத்தேன். பதினெட்டு. மூச்சுக்காரி விழுந்தாள்; கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

“இரு இரு,” என்றார் வெல்டர். “காசு ஒயுங்கா குலுக்கல. அந்த நாலு செல்லாது. திருப்பி எடு சிஸ்டர்.” சொல்லிக்கொண்டே பையை அவள் பக்கம் நீட்டினார். அந்த மனிதருக்குக் கை அப்படித்தான் போகும்.

அவள் பையின் வாயைச் சுருக்கி அவர் மடியிலேயே வைத்தாள். “குலுக்கினியே, நான் பாத்தேன். மூணு தபா.”

பிறகு விரல்களை விரித்து எண்ணத் தொடங்கினாள். நிதானமாக, நடுவர் எண்ணுவதைப்போல ஒவ்வொரு எண்ணுக்கும் விரலைக் காட்டி. எட்டில் சற்று நின்றாள். பத்து வரை போனாள். “அவுட்,” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவள் முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. கூரியர் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது இருக்கும் களைப்பு அல்ல. பாலிடெக்னிக் நாட்களில் கொட்டகையிலிருந்து நேராக வகுப்புக்கு வந்து, தலை ஈரத்தோடு என் பக்கத்தில் உட்காரும்போது இருந்தது.

“இன்னா பாக்கற? உன் முறதான்,” என்றாள் வெல்டரிடம்.

அவர் காசு எடுத்தார். பத்தொன்பது. சாம்பல் பூதம் அவருடைய வாளால் செத்தது. புதிய விதிக்குப் பிறகு அவர் முதன்முதலாகத் தானே கொன்றது அதுதான். எழுந்து நின்று ஒரு கத்துக் கத்தியதில் கீழேயிருந்து அம்மா என்ன ஆயிற்று என்று குரல் கொடுத்தார். செத்தது பூதம்தான் என்று சொல்லி அமைதிப்படுத்தினோம்.

“செரி, மயங்கிப் போன பொண்ண நான் தூக்கினு போறேன்,” என்றார் வெல்டர், மூச்சு வாங்க.

“ஒயுங்கா தூக்கு. மூட்ட மாரி தோள்ல போடாத.”

“மூட்ட தூக்கறது எங்க டிபார்ட்மெண்டு. நான் தூக்கறேன்,” என்றான் அண்ணன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு மணிக்குப் பத்து நிமிடம். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆனால் அவன் எழவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“அங்க, கதைல, இன்னா மணிடி இப்போ?” என்று அவள் கேட்டாள்.

நான் நோட்டைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சண்டையும் முடிந்திருந்தன.

“ராத்திரி ஆச்சு,” என்றேன். “எல்லாரும் தூங்கிட்டீங்க.”

அவள் என் ரப்பரை வாங்கி, தாளில் இருந்த பூஜ்யத்தை அழித்தாள். தூளை ஊதிவிட்டு அந்த இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். பிறகு தாளை டப்பாவில் தானே போட்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்தினாள்.